பிடி விடாத பிறேக்கு

மாத்தளை மாவட்டத்தில் வாழ்வோர்க்கு ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. கண்டியிலிருந்து வருவோர் பலகடுவைக் கணவாயைக் கடந்தே மாத்தளையை அடைவர். றத்தோட்டையிலிருந்து லக்கலைக்குச் செல்வோர் றிவர்ஸ்டன் உச்சியை ஏறி இறங்குவர். இத்தகைய பாதைகளில் வண்டியை ஓட்டும் எஞ்சினினும் அதனை நிறுத்தும் பிறேக்கே உயிர்த்துணையாம்.

மிளகும் கராம்பும் ஏற்றும் எமது பழைய பிக்கப் வண்டி சில கிழமைகளாகச் சோர்வுற்றிருந்தது. டீசற் செலவு மிகுந்தது. மேட்டிலே மூச்சுத் திணறிற்று. கராஜ் ஒன்றில் பிறேக் கட்டைகளை மட்டும் மாற்றித் தந்தனர். ஒரு மாதம் கழியுமுன் வலது முன்சில்லின் புதுக்கட்டையும் தேய்ந்து போயிற்று. மூட்டைகளோடு ஆட்களும் ஏறி மலையிறங்கும் வண்டியாதலின், இதனைச் சிறு குறையென விட்டுவிட இயலவில்லை.

இறுகப் பிடிக்கும் பிறேக்கு ஆபத்தற்றதென எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று. இடையறா உராய்வினால் எழும் வெப்பம் பிறேக் எண்ணெயைச் சென்றடையும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதித்தலாகாது என்பது நியமம். ஈரத்தை உறிஞ்சிய பின்னர் அவ்வெல்லை 140 பாகையாகக் குறையும். கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றின் மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது.

ஆதலால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே ஆராயத் தொடங்கினோம். சிறிது தூரம் ஓட்டி, சமதரையில் வண்டியைத் தானே உருண்டு நிற்கவிட்டு, ஒவ்வொரு சில்லருகிலும் புறங்கையை நீட்டினோம். வலது முன்சில்லில் மட்டும் அனல் வீசிற்று. நான்கும் சுட்டிருப்பின் மாஸ்டர் சிலிண்டரை ஐயுற்றிருப்போம். பின்சில்லுகள் சுட்டிருப்பின் கைப்பிறேக்கின் கம்பியை நோக்கியிருப்போம்.

மற்றைய சில்லுகளுக்குக் கல் அண்டக்கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தி, தாங்கியில் நிறுத்தினோம். சில்லு சுழல மறுத்தது. கலிப்பரிலுள்ள காற்றகற்றும் திருகைத் தளர்த்தியதும் எண்ணெய் பீறிட்டது, சில்லு விடுபட்டது. எனவே கலிப்பரின் பிஸ்டன் இறுகிக்கொள்ளவில்லை. எண்ணெயின் அழுத்தமே சிறைப்பட்டிருந்தது. திருகை முடுக்கி, மீண்டும் பிறேக்கை மிதித்து விட்டபின், இறப்பர்க் குழாய்க்கு மேலுள்ள இரும்புக் குழாயின் இணைப்பைத் தளர்த்தினோம். இம்முறை சில்லு விடுபடவில்லை. அடைப்பு இறப்பர்க் குழாயிலேயே என்பது தெளிவாயிற்று. புறத்தே பழுதின்றித் தோன்றிய அக்குழாய் அகத்தே வீங்கியிருந்தது. காலின் வலிமையால் உட்செல்லும் எண்ணெயை விட்டது, மெல்ல மீள வேண்டிய எண்ணெயைத் தடுத்தது.

முன்புற இறப்பர்க் குழாய்கள் இரண்டையும் மாற்றினோம். கலிப்பர் நகரும் ஊசிகளைத் துடைத்து உரிய கிறீஸ் பூசினோம். பழைய எண்ணெயை அகற்றிப் புதியதை வார்த்துக் காற்றை நீக்கினோம். அதன்பின் சில்லு கைதொட்ட அளவிலே சுழன்றது.

அடைபட்ட திரவத்தில் அழுத்தம் பரவும் முறையை விளக்கும் பஸ்காலின் நூல் 1663ஆம் ஆண்டு வெளிவந்தது. பௌதிக வகுப்பில் அவ்விதியை மனனஞ் செய்யும் இளைய மாணவர்கள், விடுமுறையில் தந்தையரின் வண்டியருகே அதனைச் சோதித்துப் பார்ப்பாராக. கட்டை தேய்ந்ததெனக் கூறுவோரிடம், ஒரு சில்லில் மட்டும் அது தேய்ந்தது ஏன் என வினவுதலையும் மறவாதிருப்பாராக.