பிள்ளையைக் கொடுத்த வீடு

இறையழைத்தலுக்கென்று ஒரு ஞாயிறை ஒதுக்கி உலகத் திருச்சபை மன்றாடத் தொடங்கியது 1964ஆம் ஆண்டில். பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறாகிய நல்லாயன் ஞாயிறன்று, அறுவடைக்கு ஆள்களை அனுப்பியருள வேண்டுமென்று நம் ஆலயங்களில் இறைமக்கள் உருக்கமாக வேண்டுகின்றனர். அவ்வேளையில் நம் மனக்கண்முன் நிற்பது யாருடைய பிள்ளை? பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையே!

இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என விரிந்து கிடக்கும் இப்புறநகர்ப் பங்குகளில் நாம் சந்திக்கும் குடும்பங்கள் பலவும் பிழைப்புத் தேடி வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவை. உற்றார் உறவினர் ஊரில். வீட்டிலோ ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். முதுமையில் கைகொடுக்க வேறு எவர் இருக்கிறார்? இவர்களுடைய தயக்கத்தை விசுவாசக் குறைவென்று தீர்ப்பிட நாம் துணிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் நம்மைக் காண வந்தார். தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். ஒரே மகள் துறவற சபையொன்றில் சேர விரும்பினாள். "கேட்பது தவறோ என்னவோ, ஃபாதர்! கடவுளுக்கு எத்தனையோ பிள்ளைகள். எனக்கு இவள் ஒருத்திதானே?" என்றார்.

குருமடத்தில் நாம் பயின்ற இறையியலில் இதற்கு விடைகள் உண்டு. ஆபிரகாமை எடுத்துக்காட்டலாம், சாமுவேலைக் காணிக்கையாக்கிய அன்னாவைச் சுட்டலாம். எனினும் கண்ணீரோடு நின்ற அத்தாயின்முன் அவற்றை அடுக்க மனம் ஒப்பவில்லை. மகளுக்கு இவ்வெண்ணம் எவ்வாறு வந்தது என்று மட்டும் கேட்டோம்.

அவர் தம் பணிக்காலத்தைப் பற்றிச் சொன்னார். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்காக நிறுவிய இல்லமே பின்னாளில் அரசு மருத்துவமனையாயிற்று. அருகிலுள்ள ரயில் நிலையத்திற்கும் சானடோரியம் என்ற பெயரைத் தந்தது. 1990களில் எய்ட்ஸ் நோயாளர் பலர் அங்கு வந்து சேர்ந்தனர். அவர்களைத் தொடவும் உலகம் அஞ்சிய காலம் அது. அந்த வார்டில் இரவுப்பணி பார்த்தவர் இவர். வேலையை விட்டுவிடுமாறு உறவினர் வற்புறுத்தியபோது, "நானும் போய்விட்டால் அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது யார்?" என்று கேட்டாராம். இதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த மகள் இப்போது, "அம்மா, நீங்கள் அன்று சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்" என்கிறாளாம்.

சிறுவன் சாமுவேலை ஆண்டவர் அழைத்தபோது அவன் ஏலியிடம் அல்லவா ஓடினான்? ஒருமுறையன்று, மும்முறை! இறைவனின் குரல் அவனுக்கு வளர்த்தவரின் குரலாகவே கேட்டது. தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் தெளிவுபடுத்தியது. அத்தாயும் பல ஆண்டுகளாக அவ்வழைப்புக்கு இரவு தோறும் பதில் அளித்து வந்தவரே. அப்பதிலின் எதிரொலிதான் மகளிடம் எழுந்தது.

ஆயினும், தமக்கு யார் இருக்கிறார் என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்கு விடையளிக்க வேண்டியவர் யார்? சிலுவையில் தொங்கிய வேளையிலும் இயேசு தம் தாயைச் சீடரிடம் ஒப்படைத்தார். சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் குருவுமல்லர், துறவியுமல்லர், இல்லறத்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் உயிர் நீத்தார். அவருக்குப்பின் துணைவியார் ஞானப்பூ அம்மாள் அதே வடக்கன்குளத்தில்தான் தம் எஞ்சிய நாள்களைக் கழித்தார். ஒருவரின் விசுவாசத்திற்குப் பிறப்பிடமான ஊர், அவர் விட்டுச் சென்றவருக்குப் புகலிடமும் ஆயிற்று.

இதனை நாம் அன்பியக் கூட்டத்தில் பெயர் கூறாமல் எடுத்துரைத்தோம். அழைப்பு மகளுக்கு என்றால், அத்தாய்க்குப் பிள்ளையாக இருக்கும் அழைப்பு யாருக்கு என்று கேட்டோம். நீண்ட மௌனம் நிலவியது. பின் ஒரு முதியவர், "நம் தெருவுக்குத்தான், ஃபாதர்!" என்றார்.

மகள் படிப்பை முடித்து, தாயின் சம்மதத்திற்காக ஓராண்டு காத்திருந்து, மடத்தில் சேர்ந்தாள். இன்று அத்தாயின் வீட்டுக்கு அன்பியக் குடும்பங்கள் முறை வைத்துச் செல்கின்றன. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஓர் இளைஞர் வருகிறார். மகளின் இடம் இவர்களால் நிரம்பிவிட்டதா? இல்லை. கிறிஸ்து பிறப்பு விழா இரவில் அத்தாயின் கண்கள் கலங்குவதை நாம் பார்க்கிறோம். ஆனால் அவர் தனியாக அழுவதில்லை.

அன்புக்குரியவர்களே, அடுத்த நல்லாயன் ஞாயிறன்றும் ஆள்களை அனுப்புமாறு நாம் வேண்டுவோம். வேண்டுமுன், நம் பங்கில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் பெற்றோர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஆலயத்திற்கு வருவோம்.