தண்ணீர் வந்த வழி

ஐப்பசி, கார்த்திகையில் கள்ளக்குறிச்சியின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளுக்கு வந்து சேரும் வேலைகளில் ஒன்று, பார்வைக்கு அற்பமானது: காரின் பின்விளக்குக்குள் தண்ணீர். சிவப்பு மூடிக்குள் அரை விரல் உயரம் தேங்கி, வண்டி அசைந்தால் தளும்பும். விளிம்பைச் சுற்றிப் பேஸ்ட் தடவிக் கொடுத்தால் போதும் என்றுதான் வண்டிக்காரர்கள் பலரும் எதிர்பார்க்கிறார்கள். வேலை நடக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தபின், அந்த எதிர்பார்ப்பே தவறு என்று எனக்குப் படுகிறது. அடைப்பது கடைசி ஐந்து நிமிடம். தண்ணீர் வந்த வழியைத் தேடுவதுதான் தொழில். நாம் கூலி கொடுக்கத் தயங்குவதும் அந்தத் தேடலுக்குத்தான்.

பின்விளக்கை முழுக்க மூடிய டப்பா என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது மூச்சு விடுகிறது. பிரேக்கை மிதித்தால் எரிவது 21 வாட் இழை, இரவில் மங்கலாக எரிவது 5 வாட் இழை. பல வண்டிகளில் இரண்டும் ஒரே பல்புக்குள் இருக்கின்றன. சூட்டில் உள்காற்று விரியும், அணைந்ததும் சுருங்கும். 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 10 சதவீதம் விரிவு. இதற்காகவே சிறு துளையோ, வளைந்த குழாயோ, காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வோ வைத்திருப்பார்கள். அது சேறு பிடித்து அடைத்துக்கொண்டால், விளக்கு வேறெங்காவது மூச்சு வாங்கும்: மூடியும் கூடும் சேரும் விளிம்பில், எப்போதோ இடித்ததில் விழுந்த மயிரிழை விரிசலில். கல்வராயன் மலைச்சாலை இதை இன்னும் கடுமையாக்குகிறது. மலை 2,000 முதல் 3,000 அடி உயரம். 2,000 அடி இறங்கினாலே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 7 சதவீதம் கூடிவிடும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் வண்டி, வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்து விளக்கைச் சூடேற்றிக்கொண்டே வருகிறது. கோமுகி அணைப் பக்கம் மழை பிடித்தால் மூடி சட்டென்று குளிரும், உள்காற்று சுருங்கும், விரிசல் மேல் நிற்கும் நீரை விளக்கே உறிஞ்சிக்கொள்ளும்.

இதனால்தான் தேர்ந்த எலக்ட்ரீஷியன் எடுத்த எடுப்பில் பேஸ்ட் டியூபைத் தொடுவதில்லை. டிக்கியைத் திறந்து, நட்டுகளைக் கழற்றி, விளக்கை வெளியே இழுத்து முதலில் ஹோல்டரைப் பார்க்கிறார். பித்தளைத் தகட்டில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் நேற்று வந்ததில்லை. எர்த் முனை அரித்துப்போனால் மின்சாரம் அடுத்த இழை வழியாகத் திரும்பும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுங்கும். எத்தனை பல்பு மாற்றினாலும் தீராத கோளாறு அது. உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்தபின் வருவது வாளி. பல்புத் துளைகளில் ஒன்றை விட்டு மற்றவற்றை அடைத்து, விளக்கைத் தண்ணீரில் அமுக்கி, விட்ட துளையில் மெல்லக் காற்றை ஊதுகிறார். பஞ்சர் கடையில் டியூபுக்குச் செய்வதேதான். குமிழி வரும் இடத்தில் ஒரு கோடு. பிறகு ஈரம் முழுக்கப் போகும்வரை காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு அதிகச் சூடு காட்டினால் பிளாஸ்டிக் மூடி நெளிந்துவிடும். பேஸ்ட்டிலும் வித்தியாசம் உண்டு. காடி வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அமிலம் விடும், செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மின்முனைக்குப் பக்கத்தில் அந்த வாடை இல்லாத வகையைத்தான் போட வேண்டும்.

லேசாக ஆவி படிந்ததற்கெல்லாம் கடைக்கு ஓட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். வண்டி கழுவியபின் ஓரத்தில் படியும் பனி, விளக்கு கொஞ்ச நேரம் எரிந்ததும் போய்விட்டால் அது கோளாறே இல்லை. எல்.இ.டி. விளக்கு மூடியை அவ்வளவாகச் சூடாக்காது என்பதால் அதில் இன்னும் தாமதமாகப் போகும். துளியாகத் திரண்டு நிற்பதும் தேங்குவதும்தான் கோளாறு. அடியில் ஒரு துளை போட்டு வடியவிடலாமே என்பார்கள். வடியும்தான், அதே வழியில் சக்கரம் தெறிக்கும் சேறும் தூசியும் ஏறி உள்ளே பளபளப்பு மங்கிப்போகும்.

வலுவான மறுப்பு வேறு: புதுசே வாங்கி மாட்டிவிட்டால்? எல்.இ.டி. பலகை அரித்துப்போயிருந்தால் பெரும்பாலும் அதுதான் வழி. ஆனால் வழியைத் தேடாமல் மாற்றிய புது விளக்கும் சில சமயம் அதே கதிக்கு ஆளாகும். டிக்கி ஈரமாக இருப்பதற்குக் காரணம் விளக்குக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ஸ்பாஞ்சு கேஸ்கெட் நைந்ததாக இருக்கலாம். அதற்கு விளக்கை மாற்றுவது வீண் செலவு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபின் விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் வெள்ளத்தில் தவித்தன. அப்படித் தேங்கிய நீரில் நிற்கும் வண்டிக்கு விரிசலே தேவையில்லை, மூச்சுத்துளை வழியாகவே தண்ணீர் ஏறும். அதைப் பேஸ்ட்டால் அடைத்தால் உள்ளே போனது வெளியே வராது, அவ்வளவுதான்.

மரவள்ளி ஏற்றிய வண்டிக்குப் பின்னால் மலையில் பனிமூட்டத்தில் இறங்குபவருக்குத் தெரிவது முன்னால் போகும் அந்தச் சிவப்பு ஒன்றுதான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து விளக்குகள் எரிந்தாக வேண்டும் என்கின்றன. வெளிச்சம் போதாத எந்த நேரத்துக்கும் அது பொருந்தும். அந்தச் சிவப்பைக் காப்பாற்றுகிறவர் வாளிக்குள் கைவிட்டுக் குமிழி தேடிய ஒரு மணி நேரத்துக்குப் பில்லில் தனி வரி கிடையாது. பல்பு, ஹோல்டர், பேஸ்ட் ஆகியவற்றின் விலையைக் கேட்காமல் கொடுக்கிறோம். கீழே ‘லேபர்’ என்ற தொகையில்தான் பேரம் தொடங்குகிறது. பேஸ்ட் இறுக ஒரு ராத்திரி வேண்டும் என்று அவர் சொன்னால் விளக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.