சிங்கப்பூர் புறப்படும் பாப்பாவுக்கு

வத்தல்மலை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே மிளகு பறிப்பு நடக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மேலே ஏறினால்தான் நம் தோட்டத்தில் டவர் எடுக்கிறது. உன் மெசேஜும் நான் ஏணி உச்சியில் நிற்கும்போதுதான் வந்து விழுந்தது. ஒரு கையில் கொத்து, ஒரு கையில் போன். கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்த உன் சித்தி, "மிளகு பறிக்க ஏறினியா, பொண்ணுகிட்ட பேச ஏறினியா" என்று கேட்டாள். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அறுந்துவிடும் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். நாளைக்கு தர்மபுரி இறங்குகிறவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் பயிற்சி, நடுவில் ஒருநாள் மலேசியாவின் ஜோகூர் பாரு, நெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் இந்திய நம்பர் உயிரோடு இருக்கட்டும், ஆனால் அதில் ஒரு எம்.பி. நெட்கூட ஓடக் கூடாது. நெட்டுக்கு அந்த ஊர் சிம்தான்.

இந்திய நம்பர் எதற்கு என்றால், பேங்க் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ஆன்லைனில் கார்டு நம்பரைப் போட்டுவிட்டு ஓ.டி.பி. வராமல் விழிப்பதைவிடக் கொடுமை வேறு இல்லை. புறப்படும் முன்பே உன் சிம் கம்பெனியில் சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைக்கச் சொல். பேக் போடாமலே அங்கே சிக்னல் எடுக்குமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதையும் கேட்டுக்கொள். ரீசார்ஜ் கெடு நீ திரும்பி வரும் வரை இருக்க வேண்டும். வரும் எஸ்.எம்.எஸ்-க்குப் பொதுவாகக் காசு இல்லை. வரும் போனை எடுத்தால் உண்டு. அதனால் அம்மாவிடம் இப்போதே சொல்லிவை, சாதாரண கால் வேண்டாம், வாட்ஸ்அப்பில் கூப்பிடட்டும். செட்டிங்கில் "டேட்டா ரோமிங்" என்று ஒன்று இருக்கும். பெங்களூரில் விமானம் ஏறும் முன் இந்திய சிம்முக்கு அதை அணைத்துவிடு. ஏறியதும் ஃபிளைட் மோடு. சில விமானங்களிலும் பெரிய சொகுசுக் கப்பல்களிலும் சொந்தமாக ஒரு செல் நெட்வொர்க் வைத்திருக்கிறார்கள். அது சாட்டிலைட் வழியாகப் போவது. உன் போன் தானாக அதைப் பிடித்துக்கொண்டால், நீ தூங்கிக்கொண்டிருக்கும்போதே பணம் கரையும்.

சாங்கி விமான நிலையத்தில் வைஃபை இலவசம். இறங்கியதும் அம்மாவுக்கு "வந்து சேர்ந்தேன்" என்று அதில் அனுப்பிவிடு. இங்கே பெங்களூர் ஏர்போர்ட்டில் சிம் விற்கிறவர்கள் மறித்து நின்று பயமுறுத்துவார்கள், வாங்கிவிடாதே. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என எல்லாரும் சுற்றுலாக்காரர்களுக்கென்றே ப்ரீபெய்டு சிம் போடுகிறார்கள். சாங்கியிலும் கிடைக்கும், ஊருக்குள் செவன்-இலெவன் கடைகளிலும் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும், நகல் போதாது. உன் தேவைக்கு விலை அதிகமில்லாத சிம்மே தாராளம். நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்தாலும் ரோமிங் பேக்கைவிடக் குறைவாகத்தான் வரும், நெட்டோ பல மடங்கு. அங்கே நம் ஆட்கள் டாலர் என்று சொல்ல மாட்டார்கள், அவர்கள் வாயில் "வெள்ளி"தான். கூட வருகிறவர்களோடு எந்நேரமும் ஒன்றாகவே இருப்பீர்கள் என்றால் ஆளுக்கொன்று வேண்டாம், ஒருவர் வாங்கி ஹாட்ஸ்பாட் போடுங்கள்.

இந்திய சிம்மைக் கழற்றித் தாளில் மடித்து பர்ஸில் வைக்கிற வேலையே வேண்டாம். தேடினால் கிடைக்காது. புது சிம் போட வேண்டிய இரண்டாவது சிம் இடத்தில் மெமரி கார்டு உட்கார்ந்திருந்தால் இப்போதே எடுத்து வீட்டில் வை. இன்னொன்று: அவசரத்துக்கு ஆகும் என்று அப்பாவின் பட்டன் போனைக் கொண்டுபோகாதே. சிங்கப்பூரில் 2017-லேயே 2ஜியை மூடிவிட்டார்கள், 2024-ல் 3ஜியையும் மூடிவிட்டார்கள். அந்தப் போன் அங்கே டார்ச் லைட்டுக்குத்தான் உதவும்.

நான் சிங்கப்பூரில் துவாஸ் ஷிப்யார்டில் இருந்த காலத்தில் இதெல்லாம் ஏது? ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய் போன் கார்டு வாங்குவோம். சுரண்டினால் நம்பர் வரும், அதை அழுத்தினால் ஒரு பெண் குரல் இத்தனை நிமிடம் இருக்கிறது என்று சொல்லும். அட்டையில் போட்டிருந்த நிமிடமும் கையில் கிடைத்த நிமிடமும் ஒன்றாக இருந்ததே கிடையாது. மலைக்கு ரோடு இல்லாத நாள் அது. அடிவாரத்தில் ஒரு கடை நம்பருக்குப் பேசுவேன், உன் அப்பா காலையிலேயே இறங்கி வந்து காத்திருப்பார். பேச நினைத்ததை முன்கூட்டியே துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வோம். மழை உண்டா, பெரியம்மாவுக்குக் கால் வலி எப்படி, பணம் வந்ததா. அவ்வளவுதான்.

எண்ணிச் செலவழிக்கும் அந்தப் புத்தி உனக்கும் உண்டு, அதனால்தான் உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 2016-ல் ஜியோ வந்ததிலிருந்து கீழே இருக்கிறவர்கள் நெட்டை எண்ணிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். நீ பிளஸ் டூ படிக்கும்போது தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பாட வீடியோவை இறக்கி வைத்துக்கொண்டு மலைக்கு வந்து பார்த்தவள். அங்கேயும் அதையே செய். தங்கும் இடத்து வைஃபையில் கூகுள் மேப்பில் சிங்கப்பூர் முழுவதையும் இறக்கிவிடு. வரைபடம் பார்க்க நெட்டே வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டோ, வீடியோ தானாக இறங்குவதை நிறுத்து, முக்கியமாக நம் குடும்ப குரூப்பில். உன் பெரிய மாமா தினமும் காலை அனுப்பும் பூ வீடியோவுக்கு நீ வெளிநாட்டுக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் குரலில் பேசினால் மணிக்கு முப்பது எம்.பி. அளவுக்குத்தான் ஆகும், வீடியோ கால் என்றால் அதைப் போலப் பத்து மடங்கு. போட்டோ பேக்கப் வைஃபையில் மட்டும் ஓடட்டும். நூலகம், மால் போன்ற பொது இடங்களில் அரசு ஏற்பாட்டில் இலவச வைஃபை உண்டு. ஆனால் அதில் பேங்க் ஆப்பைத் திறக்காதே.

ஜோகூர் விஷயத்தில் மட்டும் உஷார். சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ் பக்கம் நிற்கும்போதே போன் ஜோகூர் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கத்து மலேசிய டவரைப் பிடித்துவிடும். நீ சிங்கப்பூரில்தான் இருப்பாய், உன் சிம் மலேசியாவில் இருப்பதாகக் கணக்கு ஓடும். மலேசியாவுக்கும் சேர்த்து நெட் தருகிற சிம் சில இருக்கின்றன, வாங்கும்போதே கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் அந்த ஒருநாள் நெட்டை அணைத்து வை, ஒன்றும் குடிமுழுகிவிடாது.

எல்லை தாண்டினால் எங்கும் இப்படித்தான் என்று எண்ணாதே, ஊருக்கு ஊர் சட்டம் வேறு. ஐரோப்பிய யூனியனில் 2017 ஜூனிலிருந்து ஒரு நாட்டு சிம்மைப் பக்கத்து நாட்டிலும் கூடுதல் காசில்லாமல் ஓட்டலாம், ஆனால் நடுவில் இருக்கும் சுவிட்சர்லாந்து அதில் சேர்த்தி இல்லை. துபாயில் நெட் எவ்வளவு இருந்தாலும் வாட்ஸ்அப் கால் போகாது, மெசேஜ் மட்டும்தான். சிங்கப்பூரில் அந்தத் தொல்லை இல்லை.

இ-சிம் பற்றியும் கேட்டிருந்தாய். வீட்டு வைஃபையிலேயே வாங்கி, க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து போனில் ஏற்றிக்கொண்டு புறப்படலாம். கழற்றி மாட்டும் வேலை இல்லை, இறங்கியதும் ஓடும். பெரும்பாலும் நெட் மட்டும்தான் வரும், அந்த ஊர் நம்பர் வராது. ஜி.பி. கணக்கில் பார்த்தால் கடையில் வாங்கும் சிம்மைவிடச் சற்று விலைதான். நடுராத்திரி இறங்குகிறாய், கடை தேட மனசில்லை என்றால் அதுவே நல்லது. "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தால் மட்டும் நம்பாதே. ஒரு அளவுக்கு மேல் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், அந்த அளவு எவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கும்.

எல்லாப் போனிலும் இ-சிம் ஏறாது. இந்தக் கடிதம் கிடைத்ததும் உன் போனில் *#06# அழுத்திப் பார். ஐ.எம்.இ.ஐ. நம்பரோடு இ.ஐ.டி. என்று ஒரு நீள நம்பரும் வந்தால் உன் போனில் இ-சிம் வசதி இருக்கிறது என்று அர்த்தம். வருகிறதா இல்லையா என்று எனக்கு எழுத்தில் ஒரு மெசேஜ் போடு, வாய்ஸ் நோட் வேண்டாம், இங்கே இறங்காது.

அன்புடன்,
உன் சித்தப்பா