புறங்கைக்குத் தெரிந்த ஈரம்

பருத்தித் தாளை நனைத்தால் ஒரு வாசனை வரும், பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் சார்ட் பேப்பரில் அது வராது, முழுக்கப் பருத்தியில் செய்து ஜெலட்டின் பசை ஏற்றிய கெட்டித் தாளின் மேல் அகலப் பிரஷ்ஷால் தண்ணீரை இழுத்துவிட்டுக் கொஞ்சம் குனிந்தால் மட்டும், நனைந்த தோலின் மெல்லிய வீச்சம் மூக்கில் ஏறும். நீர்வண்ணம் புதிதாகப் பழகுகிறவர்கள் தாள் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படுவதுண்டு, கெடவில்லை, விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையின் மணம் அது, அந்தப் பசைதான் வண்ணத்தைத் தாள் ஒரேயடியாகக் குடித்துவிடாமல் மேலே சற்று நேரம் நிறுத்தி வைக்கிறது. எனக்கு அந்த வீச்சம் வந்தால் போதும், கும்பகோணத்தில் காவிரிப் பக்கமாக இறங்கும் ஒரு சந்தும், அங்கே ஆசாரி பட்டறை வாசலில் தகர டப்பாவில் கொதிக்கும் வஜ்ஜிரப் பசையும், அடுத்த வீட்டுத் திண்ணையில் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டிராயிங் சாரும் வந்துவிடுவார்கள்.

சார் ஓய்வு பெற்றவர், லோயர், ஹையர் டிராயிங் பரீட்சைக்குப் போகும் பையன்கள் காலையில் அவரிடம் வருவார்கள், நான் பரீட்சைக்குப் போகாமலே வந்துகொண்டிருந்தவன். வடக்குப் பார்த்த திண்ணை, நாள் முழுக்க வெயில் நேராக விழாது, எட்டு மணி வெளிச்சமும் பதினொரு மணி வெளிச்சமும் தாளின் மேல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று சுத்தத் தண்ணீர், முதல் பாட்டில் தண்ணீரை இரண்டாவதில் கலந்த பையனுக்கு அன்றைக்குப் பாடம் கிடையாது. வந்து உட்கார்ந்ததும் வண்ணக் கேக்குகளின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஊற வைப்பார், பிறகு மூக்குப்பொடி மட்டையைப் பிரிப்பார், பொடி போட்டு, துண்டால் மூக்கைத் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் வண்ணம் இளகியிருக்கும், காய்ந்த கேக்கைப் பிரஷ்ஷால் சுரண்டக் கூடாது, முடியும் போகும் வண்ணமும் பிசுபிசுக்கும் என்பது அவர் கணக்கு.

அவரிடம் இருந்த நிறங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, அவ்வளவுதான், கறுப்பை அவர் பெட்டியில் நான் பார்த்ததே இல்லை. நீலத்தையும் சியன்னாவையும் கலந்தால் சாம்பல் வரும், நீலம் தூக்கலாக இருந்தால் மழை மேகம், சியன்னா தூக்கலாக இருந்தால் பழைய கோபுரத்துக் கல், இரண்டும் ஒரே கிண்ணத்திலிருந்து. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலையில் வெட்டிய கல்லை அரைத்து எடுத்த நிறம் அந்த நீலம், 1820களில் ஃபிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி கண்டுபிடித்த பிறகு வெள்ளை வேட்டிக்குப் போடும் சலவை நீலம் வரைக்கும் இறங்கி வந்தது. அதன் துகள் தாளின் குழிகளில் போய்ப் படியும், கரடுதட்டிய தாளில் நீலத்தை ஓட்டிவிட்டால் காய்ந்தபின் பொடிப்பொடியாகத் தெரிவது அதனால்தான், ஆற்று மணலுக்கும் அந்தி வானத்துக்கும் அதைவிட நல்லது கிடையாது.

ஆனால் நான் அவரிடம் கற்றது நிறமல்ல, ஈரம். வானத்துக்கு வண்ணம் ஓட்டிவிட்டுப் பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார், முதலில் தாள் கண்ணாடிபோல் மினுங்கும், அப்போது தொட்ட நிறம் இஷ்டத்துக்குப் பரவும், பிறகு ஓரத்திலிருந்து மினுக்கம் மங்கிக்கொண்டே வரும், அது முழுக்கப் போவதற்குச் சற்று முன்னால், கெட்டியான வண்ணத்தை வைத்தால் மேகம் ஓரம் கரைந்து நிற்கும். மினுக்கம் போனபின் தாள் காய்ந்ததுபோல் ஏமாற்றும், அந்த நேரத்தில் தண்ணீர் பிரஷ்ஷைக் கொண்டுபோனால் அந்தத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுருள் சுருளாக ஒரு கரை கட்டும், ஓவியர்கள் அதைக் காலிஃபிளவர் என்பார்கள். அதற்குத்தான் புறங்கை. "தம்பி, விரல வைக்காத, எண்ணெய் ஒட்டும், புறங்கைய லேசா வச்சுப் பாரு, சில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்கு" என்பார், நானும் வைத்துப் பார்ப்பேன், சில்லென்று இருக்கும், மறுபடி உட்காருவோம். ஐப்பசியில் அந்தக் காத்திருப்பு அரை மணிக்கும் மேல் நீளும், சித்திரையில் நேர்மாறு, பிரஷ் தாளின் மறுமுனையைத் தொடுவதற்குள் முதல் முனை காய்ந்திருக்கும், அப்போது தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டுவார், தண்ணீரில் ஒரு சொட்டு கிளிசரின் விடுவார்.

சார் எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்தவர், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது, 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்தபோதுதான் முதல்முதலாக ஓர் இந்தியர் அதற்குத் தலைவரானார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும், அவர் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர் என்பதும், வாஷ் முறையில் தேர்ந்தவர் என்பதும் பலருக்கு மறந்துவிட்டது. 1903இல் கல்கத்தாவுக்கு வந்த யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்களின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து அவனீந்திரநாத் வளர்த்தெடுத்த முறை அது, வரைந்து காயவைத்த படத்தை அப்படியே தண்ணீரில் அமிழ்த்துவார்கள், ஒட்டாத வண்ணம் மிதந்து போய்விடும், தாளுக்குள் இறங்கியது தங்கும், மறுபடி காயவைத்து, மறுபடி வரைந்து, மறுபடி தண்ணீர். இதை முதலில் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, வரைந்ததைத் தண்ணீரில் போடுவதா என்று, சாரோ "தங்குறது தங்கும்டா" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டார்.

பிறகு வேலைக்காகச் சென்னைக்கு வந்தேன், எழும்பூரில் அந்தச் சிவப்புக் கட்டடங்களைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே எங்காவது தாளோடு ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும் என்று தோன்றும். பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959இல் தொடங்கிய கைமுறைக் காகிதப் பட்டறைக்கு ஒரு மழைக்காலத்தில் போனேன், அங்கேயும் ஈரம்தான், அரைத்த பருத்திக் கூழ் தொட்டியில் மிதக்கிறது, வயதான ஒருவர் சல்லடைச் சட்டத்தை உள்ளே விட்டுத் தூக்குகிறார், இப்படியும் அப்படியும் ஓர் அசைப்பு, நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அந்த ஓரிரு நொடிக்குள் கனம் சரியா என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது, சரியில்லை என்றால் மறுபடி தொட்டியிலேயே கவிழ்த்துவிடுகிறார். அவர் நகக்கண்கள் ஊறி வெளுத்திருந்தன, பேச்சுக் கொடுத்தேன், தலையை மட்டும் ஆட்டினார்.

இன்றைக்கு எல்லாம் கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன், சாரின் கைக்கு எட்டாத இத்தாலியத் தாளும் பிரெஞ்சுத் தாளும் வீட்டு வாசலுக்கு வருகின்றன, நல்ல ட்யூபில் நிறமியின் எண்ணைப் போடுகிறார்கள், பிபி 29 என்றிருந்தால் எந்தக் கம்பெனியானாலும் அது அல்ட்ராமரின்தான் என்று தெரிந்துகொள்ளலாம், கீரி முடி பிரஷ் வன உயிர்ச் சட்டப்படி குற்றமாகி, அதன் இடத்துக்கு வந்த செயற்கை முடி பிரஷ்களும் நன்றாகவே தண்ணீர் பிடிக்கின்றன. மனம் ஒட்டாதது வேறொன்றில். போனில் வரும் வீடியோக்களில் ஒரு நிமிடத்துக்குள் மலையும் ஏரியும் முளைத்துவிடுகின்றன, நனைத்த தாள் அடுத்த நொடியே காய்ந்திருக்கிறது, நடுவிலிருந்த அந்த அரை மணியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஹேர் டிரையர். அதன் சூட்டுக்காற்று ஈர வண்ணத்தைத் தள்ளித் திட்டுத்திட்டாக்கும் என்பதுகூட இருக்கட்டும், மினுக்கம் எப்போது போயிற்று என்று பார்க்கவே அது விடுவதில்லை, நீர்வண்ணத்தில் கற்க வேண்டியது பாதிக்குமேல் அங்கேதான் இருக்கிறது.

மாடி வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள், நாற்பத்தெட்டு நிறப் பெட்டி ஒன்றை ஆர்டர் போடப் போகிறேன் மாமா என்று போனைக் காட்டினாள், பெட்டியோடு மெல்லிய மரக்கூழ்த் தாளும் இலவசமாம், அது முதல் தண்ணீரிலேயே அலையலையாகப் புடைக்கும். வேண்டாம் என்றேன், நாலு ட்யூப் போதும், நுனி கூரான பத்தாம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒன்று, மிச்சக் காசு எல்லாம் தாளுக்கு, 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் முழு ஷீட் 56க்கு 76 சென்டிமீட்டர், அதை நாலாக வெட்டிக்கொள்ளலாம், வண்ணம் சுமாராக இருந்தாலும் நல்ல தாள் காப்பாற்றும், தாள் மோசமென்றால் எந்த வண்ணமும் காப்பாற்றாது. நான்கு பக்கமும் கம் டேப் ஒட்டிப் பலகையில் எப்படி இழுத்துக் கட்டுவது என்று காட்டிக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள், மூக்கைச் சுளித்தாள், வஜ்ஜிரம் பற்றிச் சொன்னேன், வானம் ஓட்டினாள். "காயற வரைக்கும் என்ன மாமா பண்றது?" என்றாள், புறங்கையைக் காட்டினேன். இரண்டு முறை வைத்துப் பார்த்தாள், மூன்றாம் முறைக்குப் பொறுமையில்லாமல் பிரஷ்ஷை விட்டுவிட்டாள், வலது மூலையில் பெரிய காலிஃபிளவர் ஒன்று கிளம்பியது. நல்ல தாளுக்கு இரண்டு பக்கமும் முன்பக்கம்தான், காயவிட்டு டேப்பை அறுத்து, திருப்பிப் போட்டு, மறுபடி நனைத்தோம்.