சாம்பிள் ரூமா... லைனா?

வேலூர்னு சொன்னதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? கோட்டை, சி.எம்.சி., ஜெயில், மண்டையைப் பிளக்கிற வெயில். எங்க ஊர் பெரியவங்களைக் கேட்டா, 'தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்'னு ஒரு லிஸ்ட் வாசிப்பாங்க. அதுல கடைசி அயிட்டம் மட்டும் 1981-லேயே அப்டேட் ஆயிடுச்சு. கோட்டைக்குள்ள இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அந்த வருஷம் சாமி திரும்பி வந்துட்டார். மத்த மூணும் இன்னும் பழைய வெர்ஷன்லதான் ஓடுது!

அப்டேட் பண்றதா, வேணாமா? இப்போ எங்க பக்கத்துல பல வீடுகள்ல இதுதான் கேள்வி. 2011 செப்டம்பர்ல தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, அதுல விண்டோஸும் இருந்துச்சு, 'பாஸ்' லினக்ஸும் இருந்துச்சு. ('என்ன பாஸ்!'னு நாம கூப்பிடுற பாஸ் இல்லீங்க. மத்திய அரசோட சி-டாக் நிறுவனம், டெபியனை வெச்சுத் தயாரிச்ச லினக்ஸ்.) நம்மாளுங்க நிறைய பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. அக்கா, அண்ணன்னு கைமாறி இன்னும் உயிரோட இருக்கிற அந்த லேப்டாப்கள்ல பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. ஸோ, லினக்ஸ் போடலாம்னு முடிவு பண்ணிட்டீங்க. எந்த லினக்ஸ்? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நிதானமா வர்ற டெபியன் ஸ்டேபிளா? தினம் தினம் புதுசா வர்ற ஆர்ச் லினக்ஸா?

பதில் ஆம்பூர்ல இருக்கு. வாங்க, பஸ் ஏறுவோம்!

வேலூர்லேர்ந்து சுமார் 50 கிலோமீட்டர். பள்ளிகொண்டா, மாதனூர்னு நெடுஞ்சாலையில பஸ் பறக்கும். பாலாறு கூடவே வரும், தண்ணிதான் வராது. ஆம்பூரை நெருங்கும்போது ஜன்னல் வழியா ஒரு வாசனை வந்து மூக்குல ஏறும் பாருங்க... அதுதான் எங்க தோல் பெல்ட்டோட விசிட்டிங் கார்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு நீளுற இந்த பெல்ட் 2019-ல மூணு மாவட்டமாப் பிரிஞ்சிடுச்சு. ஆம்பூர் இப்போ திருப்பத்தூர் மாவட்டம். டேனரிக் கழிவு பாலாத்தை என்ன பண்ணுச்சுங்கிறது தனிக் கதை. 1996-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 'மாசுபடுத்தினவனே காசு கட்டணும்'னு தீர்ப்பு வாங்கின ஊர் இது.

ஷிஃப்ட் மாறுற நேரத்துல ஆம்பூர் பஜார் பக்கம் நின்னு பாருங்க. கம்பெனி பஸ்ல இருந்து கூட்டம் கூட்டமா பெண்கள் இறங்குவாங்க. என் கிளாஸ்மேட்டோட அம்மாவும் அதுல ஒருத்தர். ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங். லினக்ஸைப் பத்தி அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா, எந்த லினக்ஸ்னு நாங்க அடிச்சுக்கிட்டதைக் கேட்டுட்டு, "லைன் ஓடிட்டு இருக்கும்போது யாராச்சும் டிசைனை மாத்துவாங்களாப்பா? மாத்திப் பார்க்கத்தானே சாம்பிள் ரூம் இருக்குது"ன்னாங்க பாருங்க... மொத்த மேட்டரும் அவ்ளோதான்!

ஷூ கம்பெனியில புது டிசைன் எதுவும் நேரா லைனுக்குப் போகாது. முதல்ல சாம்பிள் ரூம். அங்கே பேட்டர்ன் வெட்டி, தைச்சு, பிரிச்சு, திரும்பத் தைச்சு, வெளிநாட்டு பையர் ஓகே சொன்னப்புறம்தான் லைன்ல கட்டிங், ஸ்டிச்சிங் எல்லாம் ஆரம்பிக்கும். டெபியனும் அச்சு அசல் இதேதான். புது சாஃப்ட்வேர் முதல்ல 'அன்ஸ்டேபிள்'ல நுழையும். அங்கே தாக்குப்பிடிச்சா 'டெஸ்டிங்'. அதையும் ஒருகட்டத்துல நிறுத்தி, பிழையெல்லாம் சரி பண்ணி, 'ஸ்டேபிள்'னு வெளியிடுவாங்க. டெபியன் 13 அப்படி வந்தது 2025 ஆகஸ்ட் 9-ல. (அன்ஸ்டேபிளுக்கு 'சிட்'னு செல்லப்பேர். 'டாய் ஸ்டோரி' படத்துல பொம்மையை எல்லாம் உடைக்கிற பையனோட பேரு!)

'ஸ்டேபிள்னா பழசு, பழசுன்னா பாதுகாப்பு இல்ல'ன்னு ஹாஸ்டல்ல ஒரு குரூப் சொல்லும். நம்பாதீங்க. 1989-ல ஜெர்மனி, பென்டாக்ளோரோபீனால் கலந்த தோல் வேணாம்னு தடை போட்டுச்சு. தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்கப் போடுற ரசாயனம் அது. எங்க டேனரிகள் அதுக்காக ஷூ டிசைனையா மாத்துச்சு? மருந்தை மட்டும் மாத்துச்சு. டெபியன் ஸ்டேபிளும் சாஃப்ட்வேர் வெர்ஷனைப் பெரும்பாலும் அப்படியே வெச்சுட்டு, ஓட்டையை மட்டும் அடைச்சு அனுப்பும். இப்படி 3 வருஷம், அப்புறம் நீண்டகால சப்போர்ட்ல இன்னும் 2 வருஷம். ஆனா, அந்தக் கெடு முடிஞ்சுபோனது நிஜமாவே பழசு. 2012 லேப்டாப்புல தூங்கிட்டு இருக்கிற பாஸ் லினக்ஸை அப்படியே எழுப்பி நெட்ல விடாதீங்க.

புதுசுலயும் ஆபத்து வரும். 2024 மார்ச்ல 'எக்ஸ்இசட்'ங்கிற ஃபைலைச் சுருக்குற சின்ன சாஃப்ட்வேர்ல யாரோ திட்டம் போட்டுக் கள்ளக்கதவு வெச்சது வெளியில வந்துச்சு. ஃபெடோராவோட சோதனைப் பதிப்பு, ஓப்பன்சூசே டம்பிள்வீட், டெபியன் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் வரைக்கும் அது நுழைஞ்சிருந்துச்சு. டெபியன் ஸ்டேபிளுக்கு வந்து சேரல. இதைக் கண்டுபிடிச்சவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்ங்கிற இன்ஜினீயர். லாகின் ஆக அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு சந்தேகப்பட்டுத் தோண்டினார். அவர் அப்போ ஓட்டிட்டு இருந்தது டெபியன் அன்ஸ்டேபிள்! சாம்பிள் ரூம்ல ஒருத்தர் முழிச்சிட்டு இருந்ததால லைன் தப்பிச்சுது. ஆர்ச் போடுற பசங்களை 'சீன் போடுறான்'னு கிண்டல் பண்றதை அன்னையோட நான் நிறுத்திட்டேன்.

சரி, உங்களுக்கு எது? வீட்டுல எத்தனை லேப்டாப் இருக்குன்னு எண்ணுங்க. அம்மா பி.எஃப். பேலன்ஸ் பார்க்கிறதும், தங்கச்சி நுழைவுத் தேர்வுக்கு அப்ளிகேஷன் போடுறதும், நீங்க லேப் ரெக்கார்டு அடிக்கிறதும் ஒரே மெஷின்லன்னா, அது லைன். கடைசித் தேதி அன்னிக்கு ராத்திரி அப்டேட் பண்ணி ஸ்கிரீன் கறுப்பாயிட்டா, தங்கச்சிக்கு ஒரு வருஷம் போச்சு. கண்ணை மூடிட்டு டெபியன் ஸ்டேபிள், இல்லைன்னா லினக்ஸ் மின்ட் போடுங்க. மின்ட் 22-க்கு 2029 வரைக்கும் சப்போர்ட் உண்டு. 4 ஜி.பி. ரேம்தான்னா, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போதும். ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் மட்டும் புதுசா வேணுமா? ஃபிளாட்பேக்ல தனியா எடுத்துக்கலாம்.

இப்போதான் வாங்கின புத்தம்புது மாடல், ஸ்டேபிள்ல வைஃபை எடுக்கலையா? அப்போ ஃபெடோரா பக்கம் போங்க. புது ஹார்டுவேருக்குப் புது கெர்னல் வேணும், வேற வழியில்ல. கெட்டாலும் அழ வேணாம்ங்கிற மாதிரி ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் இருந்தா தாராளமா ஆர்ச் போடுங்க. எங்க சிலபஸ்ல நாலு செமஸ்டர்ல வராதது, அது ஒரு தடவை பூட் ஆகாம நின்னா வந்துடும். ஆனா, கடையில டேலி ஓடுற மெஷின்ல மட்டும் கை வெக்காதீங்க. விண்டோஸுக்குன்னு எழுதின சாஃப்ட்வேர் அது. அப்பாகிட்ட திட்டு வாங்குறதுக்கு நான் பொறுப்பில்ல.

அந்த கிளாஸ்மேட் இப்போ பழைய லேப்டாப் ஒண்ணுல ஆர்ச் போட்டு, ஞாயித்துக்கிழமை ஆனா அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கான். வீட்டு லேப்டாப்புல டெபியன் 13. அதையும் 'டெஸ்டிங்'குக்கு மாத்திடலாம்னு போன வாரம் துடிச்சான். தங்கச்சிக்கு ப்ளஸ் டூ. "மொதல்ல ஷிப்மென்ட் போவட்டும்"னு சொல்லி, சீரக சம்பா பிரியாணியையும் கத்திரிக்காயையும் தட்டுல போட்டு உட்கார வெச்சிட்டாங்க அவங்கம்மா.