தஞ்சாவூரில் வீணை பார்த்தோம்

பெண் பார்க்கப் போகிற மாதிரி வீணை பார்க்கப் போனோம் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

என் பெண்ணுக்குப் பதினோரு வயசு. மூன்று வருஷமாக வீணை கற்றுக்கொள்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் டீச்சர் வீட்டு வீணையில் வாசிப்பாள். மற்ற நாளெல்லாம் சாப்பாட்டு மேஜை விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன் எனக்கும் ஒரு வீணை இருந்தது. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதை விற்றார்கள். அன்று நான் ஒன்றும் பேசவில்லை. இவளுக்காவது வாங்கிவிட வேண்டும் என்று சீட்டுக் கட்டி எடுத்த பணம் 18,000 ரூபாய். புதுசு வாங்க அது போதாது.

"பழைய வீணை வாங்கறது பழைய ஸ்கூட்டர் வாங்கற மாதிரி. பார்க்கத் தெரிஞ்சவங்களை வச்சுக்கிட்டு வாங்கு" என்றார் என்னவர். அதனால் தஞ்சாவூருக்கே புறப்பட்டோம்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினோம். விடிகாலையில் இறங்கியபோது பெரிய கோயில் விமானத்தின் உச்சியில்தான் முதல் வெயில் விழுந்திருந்தது. தரிசனம், சிவகங்கைப் பூங்காவில் ஒரு நடை, சூடாக இட்லி காபி. பிறகு தெற்கு வீதிப் பக்கம் போனோம்.

நாம் இன்று வாசிக்கிற வீணைக்கும் இந்த ஊருக்கும் பழைய சொந்தம். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளோடு வீணை இந்த உருவத்துக்கு வந்தது என்பார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

டீச்சர் சொல்லி அனுப்பியிருந்த பெரியவரின் பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலெல்லாம் பலா மரத்தின் மஞ்சள் தூள். உள்ளே குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒரே மரத்தில் குடம், தண்டி எல்லாம் குடைந்து எடுத்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை.

"ஏகாண்டம்தான் ஒசத்தி. ஆனா நல்ல ஒட்டு வீணையும் தலைமுறைக்கு வரும். ஒட்டின இடம் மட்டும் விடக்கூடாதும்மா" என்றார். அவருடைய கூலியைப் பேசிக்கொண்டு, கூட வருவதாக ஒப்புக்கொண்டார்.

முதலில் ஒரு கடை. அங்கே இருந்த வீணையைப் பார்த்ததும் என் பெண் "அம்மா, இதுதான்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி மாதிரி பாலிஷ். யாளி முகத்துக்குப் புது வர்ணம். குடத்தைச் சுற்றி வெள்ளை வேலைப்பாடு. "தந்தமா?" என்று பயந்து கேட்டேன்.

"பிளாஸ்டிக்தாம்மா. நிஜத் தந்தம்னா தொடவே வேண்டாம்" என்றார் பெரியவர். யானைத் தந்த வியாபாரத்தை 1986-லேயே சட்டம் தடுத்துவிட்டது. பழைய வீணைகளில் தந்த வேலை இருக்கும். ஆசைப்பட்டு விலை பேசினால் வம்புதான்.

பெரியவர் தந்தியைத் தொடவே இல்லை. முதலில் வீணையைத் தரையில் வைத்து, குடத்தின் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடித் தண்டி நெடுக நோக்கினார். பிறகு மெட்டுகளுக்கு அடியிலிருந்த மெழுகை என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் மெழுகு மட்டமாக, குடத்தை நெருங்கும்போது மட்டும் தூக்கலாக இருந்தது. "தண்டி வளைஞ்சு போச்சு. அது தெரியாம இருக்க மெழுகை ஏத்திக் கட்டியிருக்காங்க."

அப்புறம் விரல் முட்டியால் குடத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார், நாம் மண்பானை வாங்கும்போது தட்டுவோமே, அதே மாதிரி. 'டொம் டொம்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'டப்' என்று அடங்கியது. செல்போன் டார்ச்சைச் சாய்த்துக் காட்டினேன். பாலிஷுக்கு அடியில் முடி மாதிரி ஒரு கோடு. விரிசலில் மரத்தூளும் பசையும் அடைத்து மேலே பூசியிருந்தது!

விலை 16,000. பெண் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் சபலம்தான், குழந்தை ஆசைப்படுகிறாளே என்று. "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அவள் தெரு முனை வரை பேசவில்லை.

அடுத்தது மேல வீதிப் பக்கம் ஒரு வீடு. ஒரு மாமி கதவைத் திறந்தார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். விரல் முட்டுகளெல்லாம் வாதத்தில் வீங்கியிருந்தன. "அஞ்சு வருஷமாத் தொடலை. தொட முடியலை" என்றார். பழம்புடவையில் சுற்றியிருந்த வீணையைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நிறம் மங்கி, சுரைக்காய் நசுங்கி, மெழுகு வெடித்து, மெட்டுகளில் தந்தி ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தது. பிருடையைத் திருகினால் நிற்காமல் வழுக்கியது.

பெரியவர் மட்டும் அவசரப்படவில்லை. தண்டி நேர். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் சிக்கவில்லை. குடம் சுற்றிலும் ஒரே சத்தம். குதிரை நிற்கும் மேல்பலகை உள்வாங்கவில்லை. பூச்சி அரித்த ஓட்டையோ மாவோ இல்லை. பிறகுதான் ஸாரணியைக் கூட்டி மீட்டினார். மீட்டிய ஒலி உடனே செத்துப் போகாமல் நின்று, மெதுவாகத் தேய்ந்தது.

"கேட்டீங்களா? இது மரத்தோட குரல். மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார். அன்று நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: மெழுகு, மெட்டு, தந்தி, பிருடை, சுரைக்காய் எல்லாம் மாற்றக்கூடியவை. குதிரையின் வெண்கலத் தகட்டைக்கூடத் தேய்த்துச் சரி செய்யலாம். ஆனால் வளைந்த தண்டி, விரிந்த குடம், உளுத்த மரம், இந்த மூன்றுக்கும் காசு கொடுக்கக் கூடாது.

மாமி கேட்டது 12,000. "யார் வாசிக்கப் போறா?" என்றார். என் பெண் தயங்கி உட்கார்ந்து, அந்தப் பழைய மெட்டுகளிலேயே ஸரளி வரிசை வாசித்தாள். இரண்டு ஸ்வரம் பேசவில்லை, ஒன்று அபஸ்வரம். மாமி கண்ணை மூடிக்கொண்டார். நான் பேரம் பேசவில்லை. பேச வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

மேளம் கட்ட, அதாவது புது மெழுகு வைத்து 24 மெட்டுகளையும் ஸ்வரத்துக்குச் சரியாக உட்கார வைக்க, மற்ற ரிப்பேருக்கும் சேர்த்துப் பெரியவர் 5,000 கேட்டார். பத்து நாள் கழித்து மறுபடி போய் எடுத்து வந்தோம். வாங்குமுன் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார்: தந்தியைச் சும்மா மீட்டி, பிறகு 12-வது மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் ஒன்றோடொன்று இழைய வேண்டும். இழையாவிட்டால் மேளம் சரியில்லை, அல்லது குதிரை நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சின்னக் குழந்தைகூடக் கேட்டுச் சொல்லிவிடும்.

ரயிலில் கொண்டுவருமுன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார். வீட்டுக்கும் புத்திமதி உண்டு. வெயில் படும் ஜன்னலோரமும் அடுப்படிச் சூடும் ஆகாது. மெழுகு இளகினால் மெட்டு நகரும். சுவரில் சாய்த்து நிறுத்தாமல் பாயில் கிடத்தி, பருத்தித் துணியால் மூடி வைக்க வேண்டும். பிருடை வழுக்கினால் சாக்பீஸ் பொடி தடவலாம். எண்ணெய் கூடவே கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் தந்தி முனைகளின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

இப்போது சாயங்காலம் விளக்கேற்றியதும் கூடத்தில் வீணை ஒலிக்கிறது. மாதம் ஒரு முறை என் பெண் மாமிக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு வாசித்துக் காட்டுகிறாள். போன வாரம் மாமி சொன்னாராம், "மூணாவது தந்தி கொஞ்சம் எறங்கியிருக்குடீ குழந்தே" என்று. எடுத்துக் கூட்டிப் பார்த்தால், ஆமாம், இறங்கித்தான் இருந்தது!