எங்கள் சாப்பாட்டுச் சுற்றுலாத் திட்டம்



“செட்டிநாடு” என்று பலகை வைத்த சாப்பாட்டுக் கடை சென்னையிலும் இருக்கிறது, சிங்கப்பூரிலும் இருக்கிறது. அந்தப் பலகையில் உள்ள நாடு நம்ம காரைக்குடியைச் சுற்றித்தான். ஆனால் “காரைக்குடிக் கடையில உக்காந்து சாப்பிட்டவங்க கையைத் தூக்குங்க” என்று எங்கள் வகுப்பில் கேட்டேன். தூக்கிய கைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பார்சல் வாங்கி வந்து வீட்டில் சாப்பிட்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் நாங்கள் ஐந்து பேர், அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் காரைக்குடிக்குப் போய், உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டு வருவது என்று திட்டம் போட்டோம்.

எதைச் சாப்பிடுவது? முதலில் என் அப்பத்தாவிடம் கேட்டேன். அப்பத்தா அந்தக் காலத்தில் ஒரு செட்டியார் வீட்டுக்கு விசேஷம் என்றால் மாவு இடிக்கப் போகும். “காரமா இருந்தா செட்டிநாடுன்னு எழுதி வச்சிருக்கானுக. காரம் யாரு வேணாலும் போடலாம். மொதல்ல வெள்ளப் பணியாரத்தைத் தின்னு பாரு ஆத்தா, கை பக்குவம் தெரிஞ்சுரும்” என்றது. ஒரு உழக்கில் பச்சரிசியை அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கும் அளவுக்குக் கொட்டி, சேர்த்து ஊற வைத்து நைசாக ஆட்ட வேண்டுமாம். எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாகத்தான் ஊற்ற வேண்டும். சிவக்க விடக் கூடாது. அதே மாவில் வெங்காயம், மிளகாய், தேங்காய் தாளித்துப் போட்டால் மசாலா சீயம்.

சமூக அறிவியல் டீச்சர் கவுனி அரிசியைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். அது கருப்பு அரிசி, வெந்தால் ஒட்டும். சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் போட்டுக் கிளறுவார்கள். நகரத்தார் வட்டித் தொழிலுக்காகப் பர்மாவுக்குப் போய் வந்த காலத்தில் அங்கிருந்து வந்த பழக்கம் அது. 1942ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது நம் ஆட்கள் எத்தனையோ பேர் காடு மலை வழியாக நடந்தே திரும்பினார்களாம். அங்கே இருந்த தொழில் போய்விட்டது. அரிசி மட்டும் இன்னமும் இங்கே கல்யாண வீட்டு இலையில் இருக்கிறது.

குழம்பில் போடும் கல்பாசியும் நம் ஊரில் விளைவது இல்லை. அது மலைப் பக்கத்து மரத்திலும் பாறையிலும் வளர்வது. அறிவியலில் படித்தோமே, பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன், அதுதான் இது!

பட்டியல் தயார். இனிமேல்தான் தடைகள்.

முதல் தடை பணம். பங்களா என்று காரைக்குடியில் ஒரு பெரிய இடம் இருக்கிறது. 1999 முதல் வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வந்து தங்கி, வாழை இலையில் சாப்பிடுகிறார்கள். எங்கள் ஐந்து பேர் காசையும் சேர்த்தாலும் அங்கே ஒரு இலைக்குப் பற்றாது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் அல்லவா? ஆகவே யாரால் குறைவாகப் போட முடியுமோ, அவளால் முடிந்ததைத்தான் எல்லோரும் போடுவது என்று முடிவு செய்தோம். ஆளுக்கு 100 ரூபாய். பஸ்ஸுக்குச் செலவு இல்லை. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாதே!

இரண்டாவது தடை வீட்டில். “பொம்பளப் புள்ளைக தனியாவா? கூட பெரியவுக யாரு வாரா?” ஐந்து வீட்டிலும் ஒரே கேள்வி. ஆண் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப் போகும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்தது இல்லை.

மூன்றாவது தடைதான் பெரியது. மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும் என்று ஒரு சின்ன மெஸ்ஸை முடிவு செய்திருந்தோம். எங்களில் ஒருத்தி மட்டும் “நான் வரல” என்றாள். (பெயர் போடாமல் எழுத அவளே சம்மதித்தாள்.) காசு இல்லையோ என்று நினைத்து, நாங்கள் போடுகிறோம் என்றோம். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு சொன்னாள். “அங்கதான் எங்கம்மா வேலை பாக்குறாங்க. காலையில மாவாட்டுவாங்க. மத்தியானம் எச்சி இலை எடுத்து மேசை தொடப்பாங்க. நான் உக்காந்து தின்னுட்டு எந்திரிச்சா, என் இலையை எங்கம்மா வந்து எடுக்கணுமாடி?”

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. வேறு கடைக்குப் போகலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஆனால் வேறு கடையிலும் யாரோ ஒருவருடைய அம்மாதானே இலை எடுப்பார் என்று இன்னொருத்தி கேட்டாள். ஒரு வாரம் திட்டம் அப்படியே கிடந்தது.

அவளே வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அம்மா திட்டவும் இல்லை, அழவும் இல்லையாம். “பன்னெண்டு வருசமா அந்த மாவை ஆட்டுறேன். ஒரு நாளும் முன்பக்கம் உக்காந்து தின்னதில்ல. எனக்கு மூணு மணிக்கு வேலை முடியும். நாலு மணிக்குப் பணியாரம் போடுவாங்க. நானும் வாரேன், உக்காருவோம்” என்றாராம். முதலாளியிடமும் கேட்டிருக்கிறார். “காசு குடுத்தா யாரு வேணாலும் உக்காரலாம்” என்று அவர் சொன்னாராம். அந்தப் பதில் நல்லதா கெட்டதா என்று நாங்கள் நிறைய நேரம் பேசினோம். அத்தைக்கு அதில் ஒன்றும் இல்லை. காற்றாடிக்குக் கீழே உள்ள மேசையைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கவலை.

அத்தை கூட வருகிறார் என்றதும் ஐந்து வீட்டிலும் அனுமதி கிடைத்துவிட்டது.

இப்போது கணக்கு இதுதான். மொத்தம் 500 ரூபாய், ஆறு பேர். விலை அத்தை சொன்னது.

வெள்ளைப் பணியாரம் 6 தட்டு – 240 ரூபாய்
மசாலா சீயம் 6 – 60 ரூபாய்
கவுனி அரிசி 3 கிண்ணம், இரண்டு பேருக்கு ஒன்று – 150 ரூபாய்
வீட்டில் தம்பி தங்கைகளுக்கு மணவோலை – 50 ரூபாய்

அத்தை தன் பங்கைத் தானே கொடுப்பேன் என்கிறார். நாங்கள் வாங்க மாட்டோம் என்கிறோம். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. முடிந்தது ஒன்றுதான். அன்றைக்கு எங்கள் மேசையில் உள்ள ஆறு இலையையும் நாங்களே எடுப்பது. “நான் எடுத்தா வெரசா முடிஞ்சுரும்” என்று அத்தை இப்போதே சொல்கிறார். அவரை எழ விடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை அவர் மகளிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

பணியாரத்தில் அப்பத்தா சொன்ன பக்குவம் இருந்ததா என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி